ஒரே பெயரில் இரண்டு படங்கள்: கேமரா எண் போடும் கணக்கு

கேள்வி இதுதான். ஒரு பயணம், ஒரு கேமரா, இரண்டு மெமரி கார்டு. இரண்டையும் கணினியில் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது "இதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றிவிடவா?" என்று கேட்டிருக்கிறது. "எல்லாவற்றுக்கும் ஆம்" கொடுத்தாயிற்று. இப்போது முதல் கார்டில் எடுத்த படங்களில் பாதியைக் காணோம். வெவ்வேறு படங்களுக்குக் கேமரா ஏன் ஒரே பெயர் வைக்கிறது, அந்த எண்ணுக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்கிறீர்கள்.

விளக்கத்துக்கு முன் அவசர வேலையைச் சொல்லிவிடுகிறேன். கார்டிலிருந்து "காப்பி" செய்திருந்தால், ஃபார்மட் செய்யாத வரை படங்கள் கார்டிலேயே பத்திரமாக இருக்கும். முதல் கார்டை எடுத்து வேறொரு புது ஃபோல்டரில் மறுபடி காப்பி செய்துகொள்ளுங்கள், முடிந்தது. "கட்" செய்து நகர்த்தியிருந்தாலோ, ஃபார்மட் செய்திருந்தாலோ, அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். மீட்பது பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். கேமரா வைப்பதை நாம் பெயர் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது டோக்கன். வரிசையில் நிற்பவருக்குக் கொடுக்கும் டோக்கன் எண் அன்றைக்கு, அந்த வரிசைக்குள் மட்டும்தான் செல்லும். நாளைக்கு அதே 17 வேறொருவர் கையில் இருக்கும். கேமராவின் எண்ணும் அப்படித்தான். அந்தக் கார்டில், அந்த ஃபோல்டருக்குள் படங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால் கேமராவுக்குப் போதும். உங்கள் வாழ்நாள் தொகுப்பில் அது தனித்து நிற்கும் என்று எந்தக் கேமராவும் வாக்குக் கொடுக்கவில்லை.

இந்த டோக்கன் முறைக்கு எழுதப்பட்ட சட்டம் ஒன்று உண்டு. டிசிஎஃப் என்று பெயர், கேமரா கோப்பு முறைக்கான வடிவமைப்பு விதி என்று பொருள். ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கமான ஜெய்டா 1998-ல் கொண்டுவந்தது. பிறகு அந்தச் சங்கம் இணைப்பில் ஜெய்ட்டா ஆனது. விதியின் இரண்டாம் பதிப்பு 2003-ல் வந்தது. ஒரு கேமராவில் எடுத்த கார்டை இன்னொரு நிறுவனத்தின் கேமராவிலோ பிரின்டரிலோ செருகினாலும் படம் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்த விதி சொல்வது எளிமையானது. கார்டின் முதல் மட்டத்தில் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரும் எட்டு எழுத்து: முதல் மூன்று 100 முதல் 999 வரை ஓர் எண், அடுத்த ஐந்து நிறுவனத்தின் விருப்பம். அதனால்தான் 100கேனன், 100நிக்கான், 100ஆப்பிள் என்றெல்லாம் பார்க்கிறோம். சோனியில் வரும் 100எம்எஸ்டிசிஎஃப் என்பதில் எம்எஸ் என்பது மெமரி ஸ்டிக்கைக் குறிக்கும். எஸ்டி கார்டுக்கு மாறிப் பல வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. படத்தின் பெயரும் எட்டு எழுத்துதான்: முதல் நான்கு நிறுவனத்தின் விருப்பம், அடுத்த நான்கு 0001 முதல் 9999 வரை ஓர் எண். 0000 கிடையாது. பெரிய எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதற்கும் இடமில்லை.

ஏன் எட்டு? விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கோப்பு முறையின் சொத்து அது. பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து. விண்டோஸ் 95 நீளப் பெயர்களைக் கொண்டுவந்துவிட்டது, ஆனால் சின்ன நினைவகமும் மெதுவான சில்லும் கொண்ட அன்றைய கேமராவுக்கு எட்டெழுத்துதான் சுலபம். படங்களை நேராகக் கார்டின் முதல் மட்டத்தில் போடாமல் டிசிஐஎம்முக்குள் தள்ளியதிலும் நியாயம் உண்டு. ஃபேட்16 என்ற பழைய கோப்பு முறையில் இயங்கிய கார்டுகளில் முதல் மட்டத்தில் வழக்கமாக 512 பதிவுகளுக்குத்தான் இடம்; உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்று 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, நீளப் பெயர் தாராளமாக வைக்கலாம். இருந்தும் புத்தம் புதுக் கேமராவும் அதே எட்டெழுத்தில்தான் எழுதுகிறது. பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டுமே.

நான்கு எழுத்து "விருப்பம்" என்று விட்டதில்தான் சுவாரசியம். ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒவ்வொரு விதமாகச் செலவழித்திருக்கிறது. கேனன் ஐஎம்ஜி_0001 என்கிறது, வீடியோவுக்கு எம்விஐ_. நிக்கானின் எஸ்எல்ஆர் கேமராக்கள் டிஎஸ்சி_0001, அதன் கூல்பிக்ஸ் வகைக் கேமராக்கள் டிஎஸ்சிஎன்0001. ஃபியூஜி டிஎஸ்சிஎஃப், பென்டாக்ஸ் ஐஎம்ஜிபி, கேசியோ சிஐஎம்ஜி. சோனி டிஎஸ்சி00001 என்று ஐந்து இலக்கம் காட்டும். பார்ப்பவர்கள் 99999 வரை போகும் என்று நினைப்பார்கள். போகாது. முதல் பூச்சியம் உண்மையில் விருப்ப எழுத்துகளில் நான்காவது. 09999-க்குப் பிறகு மறுபடி 00001 வந்து நிற்கும்.

இவற்றில் எனக்குப் பிடித்தவை இரண்டு. பானசோனிக், படத்தின் பெயருக்குள் ஃபோல்டர் எண்ணையும் வைக்கும். பி1030417 என்றால் 103-வது ஃபோல்டரில் 0417-வது படம். அதே எண் வேறு ஃபோல்டரில் வந்தாலும் முழுப் பெயர் வேறாகிவிடும், எனவே மோதல் குறைவு. ஒலிம்பஸ் மாதத்தையும் தேதியையும் வைக்கும்: பிஏ150023 என்பது அக்டோபர் 15. மாதத்துக்கு ஓர் எழுத்துதான் இடம் என்பதால் அக்டோபருக்கு ஏ, நவம்பருக்கு பி, டிசம்பருக்கு சி. எட்டெழுத்துக்குள் இவ்வளவு அடக்கியது கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வருடத்துக்கு இடம் கிடைக்கவில்லை. எண்ணை அடிக்கடி பூச்சியமாக்குபவருக்கு அடுத்த வருடப் பிறந்தநாள் படமும் அதே பெயரில் வரலாம்.

சிலருக்குத் திடீரென்று படங்கள் அடிக்கோட்டில் தொடங்கும்: _எம்ஜி_0001 அல்லது _டிஎஸ்சி0001 என்று. கேமரா கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். 2003 பதிப்பின் விதிப்படி, வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்புக்குப் பதில் அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தின் பெயர் அடிக்கோட்டில் தொடங்க வேண்டும். மெனுவில் யாரோ நிற அமைப்பை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் படங்களை அப்படியே இணையத்தில் ஏற்றினால் சில இடங்களில் நிறம் வெளிறித் தெரியும். அந்தச் சின்னக் கோடு உண்மையில் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை.

இப்போது உங்கள் வழக்கு. இரண்டு கார்டிலும் 0001-லிருந்து எப்படித் தொடங்கியது? ஏறக்குறைய எல்லாக் கேமராவிலும் இதற்கு மெனுவில் ஓர் இடம் உண்டு. கேனனில் ஃபைல் நம்பரிங் என்று இருக்கும். உள்ளே கன்டினியூயஸ், ஆட்டோ ரீசெட், மேனுவல் ரீசெட் என்று மூன்று. நிக்கானில் ஃபைல் நம்பர் சீக்வன்ஸ், ஆன் அல்லது ஆஃப். சோனியில் சீரிஸ், ரீசெட். தொடர் எண் முறையில், கேமரா கடைசியாகப் போட்ட எண்ணைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். கார்டை மாற்றினாலும் அடுத்த எண்ணிலிருந்து போகும். ரீசெட் அல்லது ஆஃப் நிலையில், புதுக் கார்டு போட்டாலோ ஃபார்மட் செய்தாலோ மறுபடி 0001. உங்களுடையது இந்த இரண்டாவது நிலையில் இருந்திருக்கிறது. சில நிக்கான் மாடல்கள் தொழிற்சாலையிலிருந்தே ஆஃப் நிலையில்தான் வரும், அதனால் நீங்கள் எதையும் தொடவில்லை என்றால் ஆச்சரியப்பட மாட்டேன். இன்றைக்கே தொடர் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். ஆஃப் நிலையால் ஆகும் நன்மை ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை.

தொடர் எண் முறையிலும் ஒரு பொறி உண்டு, நானே விழுந்திருக்கிறேன். கேமராவின் எண் 2100-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. நண்பரின் கார்டை இரவல் வாங்கி, அதில் அவருடைய படங்கள் இருக்கும்போதே ஒன்றிரண்டு எடுத்தேன். என் எண் ஒரே தாவலில் 8700-க்குப் போய்விட்டது. கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும் இறங்கவில்லை. காரணம், கேமரா தன் நினைவில் இருக்கும் எண்ணையும் ஃபோல்டரில் இருக்கும் மிகப் பெரிய எண்ணையும் ஒப்பிட்டு, எது பெரியதோ அதிலிருந்து தொடரும். பெயர் மோதக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் அப்படிச் செய்கிறது. எனவே வேறு கேமராவில் ஓடிய கார்டு என்றால், உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துவிட்டு உங்கள் கேமராவில் ஃபார்மட் செய்த பிறகே எடுங்கள்.

எண் 9999-ஐத் தொட்டதும் கேமரா புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து 0001-லிருந்து தொடங்கும். அதற்கு முன்பே ஃபோல்டர் நிறைந்துவிடுவதும் உண்டு: சோனி ஒரு ஃபோல்டருக்கு 4000 படம், பழைய நிக்கான்கள் 999 படம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இங்கே சின்னத் தொல்லை ஒன்று. ஒரு நிகழ்ச்சியின் நடுவில் 9999 தாண்டிவிட்டால், பெயர் வரிசையில் அடுக்கும்போது நிகழ்ச்சியின் பிற்பாதி முன்னாலும் முற்பாதி பின்னாலும் வரும். கணினியில் "எடுத்த தேதி" வரிசையில் அடுக்கினால் சரியாகிவிடும். "மாற்றப்பட்ட தேதி"யை நம்பாதீர்கள். படத்தைச் சுழற்றிச் சேமித்தாலே அது மாறிவிடும்.

ஃபோல்டர் 999, படம் 9999 என்று இரண்டும் சேர்ந்து முட்டினால் கேமரா படம் எடுக்கவே மறுத்துவிடும். கார்டில் இடம் காலியாகவே இருக்கும், ஷட்டர் மட்டும் அசையாது. கணக்குப்படி 900 ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் 9999; கிட்டத்தட்ட 90 லட்சம் படம். உழைத்து அங்கே போய்ச் சேர்ந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. 999 என்ற ஃபோல்டர் இருந்த இரவல் கார்டு வழியாகத்தான் இந்த வில்லங்கம் வரும். எண்ணை ரீசெட் செய்து, ஃபார்மட் செய்த கார்டைப் போட்டால் தீரும்.

பழைய கேமரா வாங்குபவர்கள் இந்த எண்ணைப் பார்த்து ஏமாறுவது வாடிக்கை. "பாருங்கள், இப்போதுதான் 3200, அதிகம் ஓடவே இல்லை" என்று விற்பவர் காட்டுவார். அது 3200-ஆக இருக்கலாம், ஒரு சுற்று முடித்த 13,199-ஆகவும் இருக்கலாம், இரண்டு சுற்று முடித்த 23,198-ஆகவும் இருக்கலாம். மெனுவில் ஒரு நிமிடத்தில் ரீசெட் செய்யக்கூடிய எண்ணை வைத்து ஷட்டரின் ஆயுளைக் கணக்கிட முடியாது. நிக்கான் எஸ்எல்ஆர் கேமராக்கள் உண்மையான ஷட்டர் எண்ணிக்கையைப் எக்ஸிஃப் தகவலில், அதாவது எடுத்த நேரம் போன்றவற்றைக் கேமரா படத்துக்குள்ளேயே பதிக்கும் குறிப்பில், எழுதி வைக்கின்றன; எக்ஸிஃப்டூல் போன்ற மென்பொருளில் அதைப் படிக்கலாம். கேனனில் பல மாடல்கள் படத்துக்குள் அதை எழுதுவதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. படங்களைப் பெற்றுக்கொண்டவர் "0034 எங்கே, 0051 எங்கே, எதை மறைக்கிறீர்கள்?" என்று கேட்பார். அழித்த படத்தின் எண்ணைத் தொடர் முறையில் கேமரா மறுபடி பயன்படுத்தாது என்பதால் இடைவெளி விழும். அழிக்காமலேயும் விழும்: கேனனில் படமும் வீடியோவும் ஒரே எண் வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐஎம்ஜி_0033-க்கு அடுத்தது எம்விஐ_0034. படங்களை மட்டும் அனுப்பினால் 34 காணாமல் போனதுபோலத் தோன்றும்.

ராவும் (கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் மூலக் கோப்பு) ஜேபெக்கும் (வழக்கமான படக் கோப்பு) சேர்த்து எடுத்தால் இரண்டுக்கும் ஒரே எண், வகைப் பெயர் மட்டும் வேறு. டிசிஎஃப் பார்வையில் ஒரே எண் கொண்டவை எல்லாம் சேர்ந்து ஒரே பொருள். கேமராவில் ஒன்றை அழித்தால் மற்றதும் சேர்ந்து போவது இதனால்தான். கணினியில் ராவைத் திருத்தும் மென்பொருள்கள் பக்கத்தில் எழுதி வைக்கும் எக்ஸ்எம்பி கோப்பும் அதே பெயரை நம்பித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே பெயர் மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஜேபெக்கை மட்டும் அழகாகப் பெயர் மாற்றிவிட்டு, பிறகு அதன் ராவைத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

கார்டில் இருக்கும்போதே பெயர் மாற்றுவது கூடாது. "அம்மா_பிறந்தநாள்" என்று மாற்றிக் கார்டைத் திரும்பச் செருகினால் கேமராவுக்கு அந்தப் படம் தெரியாமல் போகலாம். கோப்பு பத்திரமாக இருக்கும், ஆனால் விதிக்கு வெளியே இருப்பதைக் கேமரா கண்டுகொள்ளாது. ஒரே ஃபோல்டருக்குள் ஐஎம்ஜி_0005, டிஎஸ்சி_0005 என்று ஒரே எண்ணில் இரண்டு வைத்தாலும் இதே கதிதான்.

அப்படியானால் கணினியில் எப்படிப் பெயர் வைப்பது? என் வழக்கம் தேதி, நேரம், கடைசியில் கேமரா கொடுத்த நான்கு இலக்கம்: 20240310_142205_4821. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர் வரிசையே கால வரிசை ஆகிவிடும். நேரம் மட்டும் போதாதா என்றால், போதாது. தொடர்ச்சியாக நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் பத்துக்கும் ஒரே நேரம் வரும். டோக்கனுக்கு இங்கே மறுபடி வேலை இருக்கிறது, ஒரு நொடிக்குள் யார் முன்னே யார் பின்னே என்று அதுதான் சொல்லும். நேரத்தை எக்ஸிஃப்பிலிருந்து எடுங்கள். அதில் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி இருக்கும். விண்டோஸ் கோப்புப் பெயரில் அதை ஏற்காது, எனவே நீக்கிவிட வேண்டும். லைட்ரூம் போன்ற படத் திருத்த மென்பொருள்கள் கார்டிலிருந்து இறக்கும்போதே இதையெல்லாம் செய்துவிடும்.

இரண்டு கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொன்று செய்யலாம். நிக்கானில் டிஎஸ்சி என்ற மூன்று எழுத்தை மெனுவிலேயே மாற்றலாம், கேனன், சோனி மாடல்கள் சிலவற்றிலும் இந்த வசதி உண்டு. ஒன்றுக்கு ஏஏ1, இன்னொன்றுக்கு பிபி1 என்று வையுங்கள். 9999 தாண்டும்போது ஏஏ2 ஆக்கினால் எத்தனையாவது சுற்று என்பதும் பெயரிலேயே வந்துவிடும். கேனனின் தொழில்முறை மாடல்கள் சில, அந்தந்தக் கேமராவுக்கே உரிய நான்கு எழுத்தோடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. இந்தத் தொல்லை அவர்களுக்கும் தெரியும் என்றுதானே அர்த்தம்? இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக வைக்க மறக்காதீர்கள். ஐந்து நிமிட வித்தியாசம் இருந்தால் எந்தப் பெயரும் காப்பாற்றாது.

கோப்ரோ என்ற சின்ன வீடியோ கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: நீளமான வீடியோவை அது துண்டு துண்டாக வெட்டி, துண்டின் எண்ணை வீடியோ எண்ணுக்கு முன்னால் போடும். ஜிஎக்ஸ்010034-இன் தொடர்ச்சி ஜிஎக்ஸ்020034. 010035 வேறு வீடியோ. பெயர் வரிசையில் பார்த்தால் துண்டுகள் சிதறிக் கிடக்கும், கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

ஃபோன்களில் ஐஃபோன் பழைய கேமரா வழியிலேயே ஐஎம்ஜி_0001 என்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பெரும்பாலும் தேதியையும் நேரத்தையும் பெயராக வைக்கின்றன, மோதல் பிரச்சினை ஏறக்குறைய ஒழிந்தது. கூகுளின் பிக்சல் ஃபோன் மட்டும் பெயரில் உலகப் பொது நேரத்தைப் போடும், எனவே பெயரில் உள்ள மணி உங்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயரில் இருக்கும் தேதி படம் எடுத்த நாள் அல்ல, உங்களுக்கு வந்து சேர்ந்த நாள். எக்ஸிஃப் தகவலும் அதில் உரிக்கப்பட்டிருக்கும்.

கடைசியாக, கார்டிலிருந்து நகர்த்தியோ ஃபார்மட் செய்தோ விட்டிருந்தால்: கார்டைக் கணினியில் செருகி ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள், வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். கார்டில் மேலே எதுவும் எழுதப்படாத வரை பெரும்பாலானவை கிடைக்க வாய்ப்புண்டு. கிடைக்கும் படங்களுக்கு ஐஎம்ஜியும் இருக்காது, 0001-உம் இருக்காது. கார்டில் கிடந்த இடத்தைக் குறிக்கும் நீள எண்களைத்தான் மென்பொருள் பெயராக வைக்கும். கவலை வேண்டாம். எடுத்த நேரம் படத்துக்குள் இருக்கிறது. அதை வைத்து மேலே சொன்ன மாதிரி பெயர் மாற்றிவிட்டால், இரண்டு கார்டின் படங்களையும் ஒரே ஃபோல்டரில் போடலாம். முதல் முறை செய்யும்போது, பெயர் மோதினால் "இரண்டையும் வைத்துக்கொள்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.